கோரிமேட்டுப் பிரவுசிங் சென்டர்: ஒரு கல்லூரி மாணவியின் மதிப்புரை

சேலம் கோரிமேட்டில், ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய கடை வரிசையில், ஜெராக்ஸ், லேமினேஷன், பிரவுசிங் என்று மூன்றையும் ஒரே பலகையில் எழுதி வைத்திருக்கும் சிறிய கடை ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. கடையை நடத்தும் அக்கா தம் பெயரும் கடையின் பெயரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டிருக்கிறேன். நான் சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து இறங்கி வந்து, விடுதியில் தங்கி, இளங்கலைத் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தை நிரப்புவதற்காக முதன்முதலில் இந்தக் கடைக்குள் நுழைந்தேன், இன்றும் வந்துகொண்டிருக்கிறேன்.

எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும் காலத்தில் பிரவுசிங் சென்டருக்கு மதிப்புரை எதற்கு என்று விடுதித் தோழிகள் கேட்டார்கள். இணையம் எங்கள் வயதினரை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு நான் கேட்ட மேடைப் பேச்சுகளில் கிடைக்காத தெளிவு இந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது என்பதே அதற்கு என் பதில். கைபேசிக்கு வரும் அதே இணையம்தான் இங்கும் வருகிறது. ஆனால் இங்கே அதற்கு ஒரு வாசல் இருக்கிறது, விலை இருக்கிறது, மூடும் நேரம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். இவை நான்கும் இருக்கும்போது நாங்கள் ஒரு மாதிரியாகவும் இல்லாதபோது வேறு மாதிரியாகவும் நடந்துகொள்கிறோம்.

கடையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளவாக்கான ஒரே அறை. நுழைந்தவுடன் ஜெராக்ஸ் இயந்திரமும் அக்காவின் மேசையும். உள்ளே இரு சுவர்களை ஒட்டி ஏழு கணினிகள். மறைப்புத் தடுப்புகள் எதுவும் கிடையாது. எல்லாத் திரைகளும் நடுவில் இருக்கும் நடைபாதையைப் பார்த்தபடி இருக்கின்றன. கணினியில் உட்காருவதற்கு முன் அடையாள அட்டையைக் காட்டி, பெயர், முகவரி, வந்த நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதலில் இதைக் கடைக்காரரின் கெடுபிடி என்றே நினைத்திருந்தேன். மத்திய அரசு 2011-இல் இணைய மையங்களுக்கென்று வெளியிட்ட விதிகளே இப்படித்தான் கேட்கின்றன என்று அக்கா பிறகு விளக்கினார். பயன்படுத்துபவரின் அடையாளத்தையும் பயன்பாட்டுப் பதிவையும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்பு வைத்தால் அது நான்கரை அடிக்கு மேல் உயரக் கூடாது. தடுப்பில்லாத கணினிகளின் திரைகள் பொது இடத்தை நோக்கி இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களைப் பெற்றோரோ பாதுகாவலரோ உடனில்லாமல் தடுப்புக்குள் உட்கார வைக்கக் கூடாது.

இந்த விதிகளைக் கேட்டபோது எனக்குத் தோன்றிய ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இளைஞர்கள் இணையத்தோடு தனித்திருக்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அடிக்கணக்கில் யோசித்து எழுதிய ஒரு விதி நம்மிடம் இருந்திருக்கிறது. அது எழுதப்பட்ட சில ஆண்டுகளிலேயே கணினி சுருங்கி, போர்வைக்குள் கொண்டுபோகும் அளவுக்கு வந்துவிட்டது. 2016 செப்டம்பருக்குப் பிறகு டேட்டாவின் விலை சரிந்தது. தெருவுக்குத் தெரு இருந்த பிரவுசிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விதி கடைகளில் தங்கிவிட்டது. பிள்ளைகள் கடையை விட்டுப் போய்விட்டார்கள்.

இனி சேவைக்கு வருகிறேன். இந்தக் கடையின் மிகச் சிறந்த சேவைக்குக் கட்டணம் இல்லை. பதிவேட்டில் கையெழுத்திட்டு நிமிர்ந்ததும், "என்ன வேலையா வந்திருக்க கண்ணு?" என்று அக்கா கேட்பார். விசாரணைத் தொனி அதில் துளியும் இருக்காது. வருமானச் சான்றிதழ் என்றால் இ-சேவைத் தளத்தைத் திறந்து தருவார். தேர்வு நுழைவுச்சீட்டு என்றால் அச்சுப்பொறிக்கு அருகில் இருக்கும் கணினியில் உட்காரச் சொல்வார். பாடத்துக்குத் தேட வேண்டும் என்றால் பெரிய திரை இருக்கும் மூலைக் கணினியைக் காட்டுவார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே என் மனத்தில் வேலை ஒரு வடிவத்துக்கு வந்துவிடுகிறது. சொன்ன வேலையை முடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

கைபேசி இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நாளைய வகுப்பின் நேர மாற்றத்தைப் பார்க்கலாம் என்று கைபேசியை எடுக்கிறோம். திரையின் மேலே யாரோ ஒருவர் படம் போட்டிருக்கும் செய்தி நிற்கிறது. அதைத் தொட்டால் குறுங்காணொளி, அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. அரை மணி கழித்துத் திரையை அணைக்கும்போது நேர மாற்றத்தைப் பார்க்காமலே விட்டிருப்போம். இந்த அனுபவம் இல்லாத மாணவி எங்கள் விடுதியில் ஒருத்திகூட இருக்க மாட்டாள். இதைப் பெரியவர்கள் எங்கள் ஒழுக்கக் குறைவாகவே பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பக்கத்தின் அடி எங்கே என்று தெரியாதபடி முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் திரையமைப்பு 2006 வாக்கில் உருவாக்கப்பட்ட ஒரு வடிவமைப்பு. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளரே அதன் விளைவுக்காகப் பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். நிறுத்தும் இடத்தை எடுத்துவிட்டு, நிறுத்தவில்லையே என்று பதினைந்து வயதுப் பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயம் இல்லை.

எங்கள் வயதினருக்கு இதில் தனிப்பட்ட ஒரு வரலாறும் இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் நடுநிலை வகுப்பைக் கடந்துகொண்டிருந்தோம். எங்களில் பலருடைய வீடுகளில் கைபேசி வாங்கியதே பாடத்துக்காகத்தான். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் குடும்பங்கள் கடன்பட்டும் வாங்கிக் கொடுத்தன. மலையில் சிக்னல் கிடைக்கும் மேடுகளைத் தேடிப் போய் உட்கார்ந்து பாடம் கேட்டோம். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தது. ஜூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸும் இந்தியாவில் வந்தன. பாடத்துக்கென்று வந்த கைபேசி கையில் இருந்தது, பள்ளி மூடியிருந்தது, குறுங்காணொளிகள் புதிதாக வந்திருந்தன. மூன்றும் ஒரே ஆண்டில் நடந்தன. பள்ளி திறந்ததும் பாடம் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டது. மற்றது கையிலேயே தங்கிவிட்டது. இளைஞர்களின் இணையப் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஆண்டை விட்டுவிட்டுப் பேசினால், எங்களைப் பாதி மட்டுமே புரிந்துகொண்டதாகும்.

கட்டணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு மணி நேரத்துக்கு முப்பது ரூபாய், அரை மணிக்கு இருபது. கறுப்பு வெள்ளை அச்சு பக்கத்துக்கு ஐந்து ரூபாய். ஜெராக்ஸ் இரண்டு ரூபாய். கைபேசி டேட்டாவோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் விலை எங்கள் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். கடையில் நேரம் ஓட ஓடக் காசு போகிறது. ஆகவே வேலையை முடிப்பதில் மனம் இருக்கிறது. கைபேசியில் நாள்தோறும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று டேட்டா தரும் ரீசார்ஜ் திட்டங்களே பெரும்பாலும் எங்களிடம் இருக்கின்றன. அன்றைய பங்கை நள்ளிரவுக்குள் தீர்க்காவிட்டால் அது போய்விடும். மிச்சம் பிடிக்கவே வளர்க்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். விடுதியில் இரவு பதினொன்றுக்கு மேல், "இன்னும் முக்கால் ஜிபி இருக்கு, வீணாப் போகும்டி" என்ற குரல் எத்தனையோ அறைகளிலிருந்து கேட்டிருக்கிறது. சிக்கனம் என்ற நல்ல குணமே அந்த நேரத்தில் தூக்கத்துக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. இளைஞர்களின் தூக்கக் கேட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் திரையின் ஒளியைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். ரீசார்ஜ் திட்டத்தின் நள்ளிரவுக் கணக்கைப் பற்றியும் எழுத வேண்டும்.

படிப்புக்கு இந்தக் கடை எவ்வளவு பயன்படுகிறது என்பது என் மதிப்புரையின் மையம். தமிழ் படிக்கும் மாணவிக்கு இணையம் பெரிய கொடை; இதில் எனக்கு ஐயமே இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த மதுரைத் திட்டத்தின் நூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் காணொளிப் பாடங்கள் இவை எவற்றுக்கும் நான் காசு கொடுத்ததில்லை. நூலகத்தில் ஒரே படி இருந்து, அதையும் யாரோ எடுத்துப் போயிருக்கும் பழைய உரைநூலை, மூலைக் கணினியின் பெரிய திரையில் ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, மறுபக்கம் குறிப்பெடுத்திருக்கிறேன். கைபேசியில் அதே நூலைத் திறந்தால் வரி வரியாகப் படிக்க முடிகிறது. பாடலையும் உரையையும் சேர்த்துப் பார்க்க முடிவதில்லை, எந்த இடத்தில் படித்தோம் என்ற நினைவும் தங்குவதில்லை. கடைக் கணினியில் நீண்ட கட்டுரையை ஒரே மூச்சில் படிக்க முடிகிற எனக்கு, கைபேசியில் இரண்டு பத்தி தாண்டுவதற்குள் விரல் அரிக்கிறது. என் கவனம் கெட்டுப் போய்விட்டது என்று பயந்திருந்த எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. அது கெடவில்லை, இடத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறது என்று இங்கே உட்கார்ந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

தமிழ்த் தட்டச்சையும் இங்கேதான் கற்றேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ் 99 விசைப்பலகையை அக்கா எல்லாக் கணினிகளிலும் நிறுவி வைத்திருக்கிறார். ஆங்கில எழுத்துகளை அடித்து அது தமிழாக மாறக் காத்திருக்கும் பழக்கத்திலிருந்து எங்கள் வகுப்பில் சிலர் விடுபட்டதற்கு அவரே காரணம். விசைகளின் மேல் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துத் தாள்கள் இரண்டு கணினிகளில் தேய்ந்துவிட்டன. புதிதாக ஒட்டினால் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

திரைகள் நடைபாதையைப் பார்த்திருக்கும் அமைப்பைப் பற்றி எனக்கு இரு மனமாகவே இருக்கிறது. யாரும் குனிந்து எட்டிப் பார்ப்பதில்லை. அக்கா அதை அனுமதிப்பதும் இல்லை. ஆனால் பார்க்க முடியும் என்ற நிலை இருக்கிறது. அந்த நிலையே பல விஷயங்களைத் தடுக்கிறது. ஒருவரைப் பற்றிக் கேவலமாக எழுதும் பின்னூட்டத்தை இந்த நாற்காலியில் உட்கார்ந்து எவரும் தட்டச்சு செய்து நான் பார்த்ததில்லை. அதே பிள்ளைகளில் சிலர் இரவில் தம் கைபேசியில் அப்படி எழுதுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மனிதர்கள் சுற்றியிருக்கும்போது வருகிற நாணம் தனிமையில் வருவதில்லை.

ஆனால் ஒரு இளம்பெண்ணுக்குத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. மாதவிடாய்க் கோளாறு, மனச்சோர்வு, வீட்டில் நடக்கும் வன்முறை ஆகியவற்றைப் பற்றித் நடைபாதையைப் பார்த்த திரையில் யாரும் தேட மாட்டார்கள். அந்த இடத்தில் கைபேசியின் தனிமை ஒரு பாதுகாப்பு. அரசின் மனநல ஆலோசனை எண்ணான 14416-ஐ எங்கள் விடுதியில் ஒரு தோழி அறிந்துகொண்டதும் கைபேசி வழியாகத்தான். கைபேசியே வேண்டாம் என்று பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டலாமே என்று கேட்டேன். அக்கா உடனே அச்சிட்டு ஒட்டிவிட்டார்.

இங்கே நடக்கும் இன்னொரு சேவை வெளியே அதிகம் தெரியாது. தம் படத்தை எடுத்துப் போலிக் கணக்கு தொடங்கிவிட்டார்கள், படத்தைத் திரித்து அனுப்பி மிரட்டுகிறார்கள் என்று அழுதுகொண்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் சொன்னால் கைபேசியைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அவர்கள் வீட்டுக்குச் சொல்வதில்லை. மிரட்டுகிறவனின் பலமே அந்த மௌனம்தான். அக்கா அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, வந்த செய்திகளை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வைக்கச் சொல்லி, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று இருக்கும் பிரிவில் புகாரைப் பதிய உதவுகிறார். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்கச் சொல்கிறார். இதற்கு அவர் காசு வாங்குவதில்லை. இணையம் இளைஞர்களைப் பாதிக்கிறது என்று பேசும்போது நாம் நேரம் வீணாவதையே பெரிதாகச் சொல்கிறோம். என் பார்வையில் இந்தப் பயம்தான் மிகக் கொடிய பாதிப்பு. அதற்கு மருந்து, திட்டாமல் கேட்கும் ஒரு பெரியவர்.

பள்ளி மாணவர்கள் மாலையில் விளையாட இடம் கேட்டு வருவார்கள். அக்கா அனுமதிப்பதில்லை. இதில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. ஒரு கணினியில் அரை மணி நேரம் நண்பர்கள் சேர்ந்து பந்தயக் கார் ஓட்டினால் எந்தக் கேடும் வந்துவிடாது என்று நினைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்கான வரையறை கடுமையானது: விளையாட்டின் மேல் கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்து, தீங்கு நேர்ந்த பிறகும் தொடர்ந்து, இந்நிலை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். நிறைய விளையாடும் பையன்களையெல்லாம் அடிமை என்று அழைப்பது அவர்களுக்கும் நல்லதில்லை, உண்மையிலேயே மருத்துவம் தேவைப்படும் ஒரு சிலருக்கும் நல்லதில்லை. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களில் மட்டும் அக்கா காட்டும் கண்டிப்பை முழுமையாக ஏற்கிறேன். தமிழ்நாடு அரசு 2025-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்ததோடு, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அந்த ஆட்டங்களில் நுழைவதையும் தடுத்தன. சென்னை உயர் நீதிமன்றமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே அடியோடு தடை செய்துவிட்டது. அந்த நள்ளிரவு விதியே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இணையத்துக்கும் மூடும் நேரம் வைக்க முடியும் என்பதை அது காட்டியது. இந்தக் கடை இரவு எட்டரைக்கு மூடுகிறது. எட்டேகாலுக்கு அக்கா ஒரு குரல் கொடுப்பார். கோப்பைச் சேமித்துவிட்டு எழுந்துகொள்கிறோம். அதனால் எங்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் 2023-இல் வெளியிட்ட அறிவுரை, நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் வரும் வாய்ப்பு இரு மடங்கு என்று கூறியது. நட்பும் ஆதரவும் கிடைக்கும் நன்மையையும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது. சோர்ந்திருப்பவர்கள் திரையை அதிகம் நாடுகிறார்களா, திரையை நாடியதால் சோர்கிறார்களா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்துவிடவில்லை. விடுதியில் நான் பார்ப்பது இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போவதைத்தான். வீட்டு நினைவில் தூக்கம் வராத முதலாண்டு மாணவி கைபேசியை எடுக்கிறாள். அதில் தன்னைவிட நன்றாக உடுத்திய, நன்றாகச் சிரிக்கும் முகங்களைப் பார்க்கிறாள். இன்னும் தூக்கம் வராமல் போகிறது. அவளைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிப் பேசினால் கைபேசி தானாகவே கீழே போய்விடுகிறது.

கடையின் குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதுமான குறை, பதிவிறக்கக் கோப்புறை. முந்தைய வாடிக்கையாளர்கள் இறக்கிய ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் கணினியில் அப்படியே கிடக்கின்றன. உலாவியில் கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். இளம்பெண்களின் படங்களும் முகவரிகளும் இருக்கும் கோப்புகள் இவை என்பதால் இதைச் சிறிய குறையாக விட முடியவில்லை. கணினியை மறுமுறை தொடங்கும்போதே எல்லாக் கோப்புகளும் அழியும்படி அமைக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்து தரும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை, வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, கலந்தாய்வுக் காலக் கூட்டம். பொறியியல் கலந்தாய்வு 2018-இல் இணையத்துக்கு மாறியது. அரசு கலை, அறிவியல் கல்லூரிச் சேர்க்கையும் இணையவழியில்தான் நடக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு இந்த ஏழு கணினிகள் போதவே போதாது. மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வருகிற பிள்ளைகள் வெயிலில் காத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு பெஞ்சும் குடிநீரும் வைத்தால் நல்லது. மின்தடையின்போது மூன்று கணினிகளுக்கு மட்டுமே யூபிஎஸ் இருக்கிறது.

மூன்றாவது கடையின் குறை என்று சொல்ல முடியாது, ஆனால் இங்கே வருகிறவர்களை மிகவும் அலைக்கழிப்பது அதுதான். எந்த விண்ணப்பத்துக்கும் ஓடிபி வேண்டும். சான்றிதழ், உதவித்தொகை, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் என்று எதைத் தொட்டாலும் அந்த எண் அப்பாவின் கைபேசிக்குப் போகும். அப்பா காப்பித் தோட்டத்தில் சிக்னல் இல்லாத சரிவில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருப்பார். அவர் மேட்டுக்கு வந்து திரும்ப அழைப்பதற்குள் எண்ணின் காலம் முடிந்திருக்கும். இதற்காகவே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மகளோடு இறங்கி வருகிற தகப்பன்மார்களை இந்தக் கடையில் பார்த்திருக்கிறேன். இணையம் நகரத்துப் பிள்ளைகளுக்கு அளவு மீறிக் கிடைப்பதும், மலைப் பிள்ளைகளுக்குத் தேவையான நேரத்தில் கிடைக்காமல் போவதும் ஒரே மாவட்டத்தில், ஒரே மலைச்சாலையின் இரு முனைகளில் நடக்கின்றன. இளைஞர்களும் இணையமும் என்று பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாருக்கு இந்தக் கடையைப் பரிந்துரைப்பேன்? விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்; அக்கா ஒவ்வொரு கட்டத்தையும் படித்துக் காட்டிய பிறகே அனுப்பு என்ற பொத்தானை அழுத்த விடுவார். கட்டுரை எழுத வேண்டிய கல்லூரி மாணவர்கள், கைபேசியை விடுதியிலேயே வைத்துவிட்டு வாரத்தில் ஓரிரு மாலை இங்கே வந்து பார்க்கலாம். முதல் கால் மணி நேரம் கை பையைத் துழாவும். அதன் பிறகு எழுத்து ஓடத் தொடங்கும். படம் பார்க்கவோ பொழுது போக்கவோ வருகிறவர்களுக்கு இந்தக் கடை பொருந்தாது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வாசலின் மூன்று படிகள் தடையாக இருக்கும். அக்காவிடம் சொன்னால் மடிக்கணினியை வாசலுக்கே கொண்டுவந்து வேலையை முடித்துத் தருகிறார் என்றாலும் சாய்தளம் ஒன்று கட்டாயம் தேவை.

காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கூட்டம் குறைவு. ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் கோரிமேடு நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். நகரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. அடையாள அட்டை, பென் டிரைவ், 50 கேபிக்குள் சுருக்கிய புகைப்படம், ஓடிபி வரும் கைபேசி நான்கையும் எடுத்து வாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வருகிற பெண்கள், வீட்டில் பேசி, விண்ணப்பங்களில் தங்கள் சொந்த எண்ணையே பதிந்துகொண்டால் அடுத்த மூன்றாண்டுகளுக்கு அலைச்சல் பாதியாகக் குறையும்.